அத்தையின் வலிகளை ஸ்பானிஷில் சொன்ன வருடங்கள்

ரங்கூனில், தாமுவேயில் நாங்கள் குடியிருந்தது மூன்றாவது மாடியில். வீட்டில் தொலைபேசி கிடையாது. தரைத்தளத்தில் ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர் குடைக்கடை வைத்திருந்தார். அண்ணன் என்ற அர்த்தத்தில் தெருவே அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடும். அவர் கடைத் தொலைபேசிதான் எங்களுக்கும். எங்கள் பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும். அதன் மேல்முனையில் ஒரு மணியும் கீழ்முனையில் தபால் மாட்டுகிற கிளிப்பும் இருக்கும். எனக்கு அழைப்பு வந்தால் காக்கா அந்தக் கயிற்றை மூன்று முறை இழுப்பார். நான் படிகளில் ஓடி இறங்குவேன்.

கப்பல் வேலைக்குப் போன என் கணவர் அதை விட்டு இறங்கிவிட்ட செய்தி அப்படித்தான் வந்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்தது. கரைக்குப் போனவர் திரும்பிக் கப்பலேறவில்லை. அங்கேயே தங்கிவிட்டார். "இனிமே அங்க வர முடியாது. உன்னைத்தான் இங்க கூப்பிடணும்" என்றார். கடையில் குடை வாங்க வந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சரிங்க, சரிங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அழுவதற்குக்கூட மூன்று மாடி ஏறவேண்டியிருந்தது.

அப்போது எனக்கு வயது முப்பத்தொன்று. பிள்ளை இல்லை. பள்ளியை முடித்த வருடம் மாணவர் போராட்டம் வந்து, அரசாங்கம் கல்லூரிகளை மூடிவிட்டது. இன்று திறப்பார்கள், நாளை திறப்பார்கள் என்று காத்திருந்த வருடங்களில் டைப்ரைட்டிங் படித்தேன். ஆங்கில டியூஷனுக்குப் போனேன். அந்த ஆங்கிலத்தை வைத்து அலோனில், ஆற்றோரமாக இருந்த ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கப்பலுக்குப் போகும் ஆட்களின் காகிதங்களைத் தட்டச்சு செய்வதுதான் வேலை. என் கணவரும் அப்படிக் காகிதம் வாங்க வந்து நின்றவர்தான். எழுத்துப்பிழை இருக்கிறது என்று மூன்று முறை திரும்பி வந்தார். மூன்றாவது முறை பிழை இருக்கவில்லை.

அவர் இறங்கிப் பத்து மாதம் கழித்து, ஒரு காலையில், அவருடைய அம்மா அடுப்படியில் விழுந்தார். நான் அத்தை என்று கூப்பிடுகிறவர். வலது கையும் வலது காலும் போயின. வாயும் கோணிக்கொண்டது. சில வாரங்களில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது; தமிழ் மட்டும். பிறந்ததிலிருந்து ரங்கூனில் இருந்தவர். தாமுவே சந்தையில் மீன்காரிகளோடு பர்மியத்தில் சண்டை போட்டு விலை குறைத்தவர். அந்தப் பர்மியம் முழுக்கப் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பெண்மணி வந்து பேசினால் என் முகத்தைப் பார்ப்பார். நான் தமிழில் சொல்லவேண்டும்.

வேலையை விட்டேன். வேறு வழியில்லை. அத்தைக்கு இன்னொரு பிள்ளை இருந்தாள். என் நாத்தனார். ரங்கூனுக்கு வெளியே, கியாக்தானில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கு மூன்று குழந்தைகள், மாமனார், மாமியார், வலை விற்கும் ஒரு சின்னக் கடை. எல்லாமே இரண்டு அறைக்குள். மாதம் ஒருமுறை பஸ் பிடித்து வந்து, அம்மாவின் தலையை வாரிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு போவாள்.

என் நாள் இப்படித்தான் இருந்தது. காலையில் அத்தையைத் துடைக்கவேண்டும், துணி மாற்றவேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவேண்டும், கஞ்சி ஊட்டவேண்டும். அவர் அயர்ந்த நேரத்தில் வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு சந்தைக்கு ஓடி நாற்பது நிமிடத்துக்குள் திரும்பவேண்டும். பால்கனிக்குத் திருடன் வராமலிருக்க இரும்புக் கம்பி அடித்திருந்தோம். மழைக்காலத்தில் அந்தக் கம்பி வழியாகத்தான் நான்கு மாதம் உலகம் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கயிறு மூன்று முறை இழுபட்டது. என் கணவர் ஒரு மருத்துவமனையின் துணி வெளுக்கும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அவர் குரலில் அன்று ஒரு உற்சாகம்.

"இங்க டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கிறாங்க. டாக்டர் இங்கிலீஷ், நோயாளி ஸ்பானிஷ். ரெண்டு பேரு பேசறதையும் மாத்திச் சொல்றதுதான் வேலை. நல்ல வேலை. உக்காந்துகூடச் செய்யலாம். நீ இங்கிலீஷ் பேசுவே. ஸ்பானிஷ் மட்டும் கத்துக்கோ."

"இங்க யாருகிட்டப் போயிக் கத்துக்கறது?"

"புஸ்தகம் அனுப்புறேன்" என்றார்.

அது பைத்தியக்காரத்தனமாகத்தான் எனக்குப் பட்டது. ஆனால் நான்கு மாதம் கழித்துப் புத்தகம் வந்துவிட்டது. அவரோடு முன்பு கப்பலில் இருந்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பொட்டலத்தில் தடித்த மருத்துவ அகராதி ஒன்று, இலக்கணப் புத்தகம் ஒன்று, ஆறு கேசட், அந்த மருத்துவமனைப் பயிற்சியைப் பற்றி நகல் எடுத்த நான்கு பக்கங்கள். பயிற்சியில் சேருவதற்கே ஒரு பரீட்சை உண்டாம். இரண்டு மொழியிலும் வாய்மொழியாகக் கேட்பார்கள். அதில் தேறினால்தான் வகுப்பு. கடைசிப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளருக்கான விதிகள் இருந்தன. சொன்னது எல்லாவற்றையும் சொல்லவேண்டும், கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. நோயாளி ‘எனக்கு’ என்றால் நீயும் ‘எனக்கு’ என்றே சொல்லவேண்டும். ‘அவருக்கு’ என்று சொல்லக்கூடாது. உன் சொந்தக் கருத்தைப் பேசக்கூடாது.

மின்சாரம் முறை வைத்து வரும் காலம் அது. வந்ததும் தெருப் பிள்ளைகள் "மீ லா பீ!" என்று ஒரே குரலில் கத்துவார்கள். விளக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதுதான் கேசட் போடுவேன். போட்டதைத் திரும்பச் சொல்வேன். கீழ் மாடிப் பர்மியப் பெண்மணி நான் ஏதோ மந்திரம் ஜெபிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, எத்தனை நாள் விரதம் என்று கேட்டார்.

முதலில் பயந்த அளவுக்கு அந்த மொழி என்னைப் பயமுறுத்தவில்லை. ஆங்கிலத்தில் ‘என் முழங்கால் வலிக்கிறது’ என்பார்கள், முழங்கால் என்னுடைய சொத்து மாதிரி. ஸ்பானிஷில் ‘மெ துவேலே லா ரொதிய்யா’. எனக்கு வலிக்கிறது, முழங்கால். நம்மைப் போலவே வலி எனக்கு வருகிறது. அதைக் கண்டுபிடித்த அன்று சொந்தக்காரர் ஒருவரை ரயிலில் பார்த்தமாதிரி இருந்தது. அவர்களுக்கு ஞ என்ற எழுத்தும் உண்டு. வயதைக் கேட்கும்போது அந்த ஞ-வை ந என்று சொல்லிவிட்டால் அசிங்கமான அர்த்தம் வந்துவிடும் என்று கேசட்டில் எச்சரித்தார்கள். எனக்கு அந்தக் கஷ்டம் இருக்கவில்லை.

உறுப்புகளின் பெயர்களைப் படிக்கத் தனியாக நேரம் கிடைக்காது. அத்தையைத் துடைக்கும்போதே சொல்லிப் பார்த்தேன். தோள், ஓம்ப்ரோ. முழங்கை, கோதோ. முழங்கால், ரொதிய்யா. அத்தை கூரையைப் பார்த்தபடி கிடப்பார். நான் முனகுவதைக் கேட்பதாகவே காட்டிக்கொள்ளமாட்டார்.

இரண்டாம் வருடம் அத்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வாடகைக்கார் வைத்து, காக்காவின் கடை ஆட்கள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்க, ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் ஒரு பர்மியப் பெண். பொறுமையானவர். சோதித்துவிட்டு என்னைப் பார்த்துப் பேசினார். இதயம் பலவீனமாகிவிட்டது, இன்னொரு தாக்குதல் வரும், ஒரு வருடமோ இரண்டு வருடமோ, அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள் என்றார். இதை அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்றும் சொன்னார். பேசி முடிக்க ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும்.

அத்தை என் முகத்தைப் பார்த்தார். "என்ன சொல்றாங்க?"

"மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடச் சொல்றாங்க, அத்தை."

காரில் வரும்போது அந்த நான்காவது பக்கத்து விதிகள் ஞாபகத்துக்கு வந்தன. ஸ்பானிஷில் இல்லை, என் சொந்த மொழியில், என் வீட்டு மனுஷிக்கு, டாக்டர் பேச்சை முதல்முறை மாற்றிச் சொன்னதே குறைத்துச் சொன்ன மொழிபெயர்ப்பு. ஆனால் அதைவிட என்னைச் சுட்டது வேறு. ஒரு வருடம், இரண்டு வருடம் என்று டாக்டர் சொன்னபோது என் மனது உடனே கணக்குப் போட்டுவிட்டது. அப்போது எனக்கு வயது என்ன ஆகியிருக்கும், பரீட்சைக்குத் தயாராகியிருப்பேனா என்று. நான் போடவேண்டும் என்று போட்ட கணக்கு இல்லை. தானாகவே ஓடியது.

அதற்குப் பிறகு சில வாரங்களில், முழங்காலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அத்தை திடீரென்று "ரொதிய்யா" என்றார். கோணிய வாயிலிருந்து அந்தச் சொல் என்னைவிட நன்றாக வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன படிக்கிறேன், எதற்குப் படிக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஆனால் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அன்று அவரே கேட்டார், டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் நின்று என்ன செய்வார்கள் என்று. விதிகளைச் சொன்னேன்.

"நான் நோயாளிதானே. என்னை வச்சுப் படி" என்றார். "டாக்டர் எங்க?"

பிரம்பு நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டேன். அதுதான் டாக்டர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் அது எங்கள் வழக்கமாகிவிட்டது. அத்தை தமிழில் சொல்வார். நான் அதை ஸ்பானிஷில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் நாற்காலியிடம் சொல்வேன். நாற்காலிக்காக நானே ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டு, ஸ்பானிஷாக்கி, தமிழில் அத்தையிடம் திரும்புவேன். எரிச்சல், குத்தல், குடைச்சல், மதமதப்பு என்று அத்தை ஒவ்வொரு வலியையும் வேறு வேறாகச் சொல்வார். அகராதியில் தேடித் தேடி எனக்குக் கை ஓய்ந்துபோகும். நான் இடையில் என் பேச்சைப் பேசினால் "நீ பேசக்கூடாதுல்ல" என்று கண்டிப்பார். அந்த அரைமணி நேரம் அவர் குரலே வேறு. அதிகாரமாக இருக்கும்.

ஒருநாள் நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்: "டாக்டர், அன்னைக்கு நீங்க அவ்வளவு நேரம் பேசினீங்க. இவ எனக்கு நாலு வார்த்தைதான் குடுத்தா."

நான் வாயைத் திறந்தேன். அத்தை கையைத் தூக்கினார், அந்த ஒரு நல்ல கையை. ஸ்பானிஷில் சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னேன். நாற்காலி என்ன பதில் சொல்லும்? அன்று டாக்டர் பர்மியத்தில் சொன்னது எல்லாவற்றையும், ஒன்றும் குறைக்காமல், தமிழில் சொன்னேன். ஒரு வருடமோ இரண்டு வருடமோ என்பதையும் சொன்னேன். அத்தை தலையை மட்டும் ஆட்டினார். பிறகு சொன்னார்:

"டாக்டர்கிட்ட சொல்லு. என் மருமக நான் எப்பப் போவேன்னு காத்துக்கிட்டு இருக்கா."

"அத்தை..."

"சொல்லு."

விதிப்படி ‘என் மருமகள்’ என்று நான்தான் சொல்லவேண்டும். மி நுவேரா, என் மருமகள். எஸ்பெரார் என்ற சொல்லில் தொடர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த மொழியில் காத்திருப்பதற்கும் ஆசைப்படுவதற்கும் ஒரே சொல். ஸ்பானிஷில் அது ஓடிவிட்டது. ஆங்கிலத்துக்கு வந்தபோது இரண்டில் ஒன்றை எடுக்கவேண்டும். காத்திருக்கிறாள் என்பதை எடுத்தேன். அத்தைக்கு ஸ்பானிஷும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. ஆனாலும் நான் நின்ற அந்த ஒரு நொடியைப் பார்த்துவிட்டார். திரும்பிப் படுக்க உதவச் சொன்னார். அன்றைக்கு அவ்வளவுதான்.

நான் எதையும் மறுத்துச் சொல்லவில்லை. மறுக்க முடியாததுதான் காரணம். அவர் சாகவேண்டும் என்று நான் ஒருநாளும் வேண்டியதில்லை. ஆனால் அவர் இருக்கும்வரை நான் போகவேண்டிய கதவு திறக்காது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரே அறையில் அந்த நினைப்போடு இரண்டு பேரும் கஞ்சி குடித்தோம்.

அடுத்த வருடம் என் கணவருக்கு அங்கே தங்க அனுமதி கிடைத்தது. மனைவியை அழைத்துக்கொள்ள மனுப் போட்டார். நான் பாஸ்போர்ட்டுக்கு அலைந்தேன். என் அப்பாவின் பிறப்புப் பதிவு இல்லை, குடும்பப் பட்டியலில் ஒரு எழுத்து தப்பு என்று அது ஒன்றரை வருடம் இழுத்தது. ஒருவழியாகப் பாஸ்போர்ட் வந்து, சில மாதத்தில் அமெரிக்கத் தூதரகத்தில் விசா நேர்முகத்துக்கு நாள் குறித்துக் கடிதமும் வந்தது. கயிற்றில் மாட்டி மேலே வந்த கடிதத்தைப் பால்கனியிலேயே நின்று படித்துவிட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்தேன். மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் அத்தை நாற்காலியிடம் சொன்னார்: "டாக்டர், இந்த வீட்டுக்கு ஒரு காகிதம் வந்திருக்கு. அரிசி எடுக்கப் போறப்பல்லாம் இவ ரொம்ப நேரம் நிக்கிறா. எனக்கு யாரும் சொல்லல."

இந்த முறை நான் மொழிபெயர்க்கவில்லை. நாற்காலியில் நானே உட்கார்ந்துவிட்டேன். ஐந்து வருடத்தில் முதல்முறை நேராகக் கேட்டேன்.

"நான் என்ன செய்யட்டும், அத்தை?"

அவர் மெதுவாக, சொல் சொல்லாகச் சொன்னார். "போன்னு சொல்ல எனக்கு மனசு வரல. போகாதேன்னு சொல்ல வாய் வரல. ரெண்டையும் என்கிட்டக் கேக்காதே."

அவர் பெரிய மனது பண்ணி ‘நீ போய் நல்லா இரு’ என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன். ‘என்னை விட்டுப் போகாதே’ என்று அழுதிருந்தால் இருந்துவிட்டு அவரைத் திட்டிக்கொண்டிருப்பேன். இரண்டும் நடக்கவில்லை.

அந்த வாரம் ஒரு பக்கத்து வீட்டுப் பெண்ணை அத்தைக்குத் துணை வைத்துவிட்டுக் கியாக்தானுக்குப் போனேன். தீவுக் கோயிலுக்குப் படகு புறப்படும் துறையருகே நாத்தனாரும் நானும் நின்று பேசினோம். கடையிலும் வீட்டிலும் பேச இடமில்லை. அவள் கோபப்படவில்லை. "கொண்டாந்து விடுங்க அண்ணி, கதவைச் சாத்த மாட்டேன்" என்றாள். "ஆனா உங்களை மாதிரி ரெண்டு மணிக்கு ஒருதரம் என்னால புரட்ட முடியாது. முதுகு புண்ணாகும். இதையும் இப்பவே சொல்லிடறேன்." அவள் சொன்னது நேர்மையான பேச்சு. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளை வெறுக்க முயன்றேன். முடியவில்லை.

நேர்முகத்து நாள் காலையில் குளித்து, நல்ல தமெய்ன் லுங்கி கட்டி, காகிதங்களை வரிசையாக அடுக்கி எடுத்துக்கொண்டேன். பயிற்சிக்குப் படித்த ஆங்கிலமெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அத்தை விழித்திருந்தார். போயிட்டு வர்றேன் என்றேன். தலையாட்டினார்.

தூதரகத்துக்கு எதிர்ப்புறம் ஒரு மரத்தடியில் நின்றேன். என்னைப் போலக் காகிதத்தோடு பலர் நின்றார்கள். உள்ளே போகும் நேரம் வந்தது. அப்போது, விமானம் இறங்கிய இடத்தில் என் கணவர் நிற்பதாக நினைத்துப் பார்த்தேன். அவர் முகம் வரவில்லை. சட்டை வந்தது, நிற்கிற மாதிரி வந்தது, முகம் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. அவர் குரல் மட்டும்தான் ஐந்து வருடமாக எனக்குத் தெரியும், அதுவும் குடைக்கடையில் நான்கு பேர் நடுவில். பரீட்சையில் தோற்றால் என்ன செய்வேன்? துணி வெளுக்கும் இடத்தில் அவரோடு நிற்பேனா? இந்த மூன்றாவது மாடியில் எனக்கு எல்லாம் தெரியும். எந்தப் படி உடைந்திருக்கிறது என்பதுவரை தெரியும். என் கால் சாலையைத் தாண்டவில்லை. உள்ளே போகிறவர்களைப் பார்த்தபடி நின்றேன். என் நேரம் கடந்துபோனதும் நடக்க ஆரம்பித்தேன்.

வழியில் அத்தைக்கு மொஹிங்கா, மீன்குழம்பில் போட்ட அரிசிச் சேமியா, வாங்கிக்கொண்டு பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அத்தை அந்தப் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஊட்டினேன். மிச்சமில்லாமல் சாப்பிட்டார். அன்று நாற்காலியைக் கேட்கவில்லை.

அத்தையை விட்டுப் போக மனசில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். காக்கா என்னைத் தன் பெண்களுக்கு உதாரணமாகச் சொன்னார். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் கணவர் தொலைபேசியில் முதலில் கத்தினார். பிறகு அவரே, எங்கம்மாவுக்காக நீ செஞ்சதை மறக்க மாட்டேன் என்றார். அந்த மூன்றாவது மாடியைவிட இறுக்கமாக அடைத்தது இந்தப் புகழ்ச்சிதான். அழைப்புகள் மாதம் ஒன்று என்பதிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தன.

கேசட்டுகளை மட்டும் நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. டாக்டர் கொடுத்த கெடுவையெல்லாம் தாண்டி அத்தையும் இருந்தார். எனக்கு முப்பத்தேழு ஆனது. ஒரு மத்தியானம் அத்தை மூன்று மாதத்துக்குப் பிறகு நாற்காலியைப் போடச் சொன்னார். போட்டுவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு நான் நோயாளி, அத்தை" என்றேன்.

அவர் காத்திருந்தார்.

"அன்னைக்கு நான் உங்களுக்காகத் திரும்பி வரல. பயந்துட்டு வந்தேன். எல்லார்கிட்டயும் உங்க பேரைச் சொல்லிட்டேன்."

அத்தை சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "மொஹிங்காவோட வந்தப்பவே தெரியும்" என்றார். "பயந்தவ மூஞ்சி எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் கேக்காம இருந்துட்டேன். நீ இருந்தது எனக்கு வேணும்னு இருந்துச்சு."

என் முழங்கையை அந்த நல்ல கையால் பிடித்துக்கொண்டார். தாமுவேக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து அவரோடு நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது அந்த ஒரு மத்தியானம்தான் என்று சொல்வேன்.

அடுத்த மழைக்காலத்தில், காலைக் கஞ்சிக்குப் பிறகு, இரண்டாவது தாக்குதல் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்க ஆள் வருவதற்குள் முடிந்துவிட்டது. நாத்தனார் மத்தியானத்துக்குள் வந்துசேர்ந்தாள். நாங்கள் இருவரும்தான் குளிப்பாட்டினோம். முதுகில் ஒரு புண்கூட இல்லை என்று அவள் என்னிடம் மூன்று முறை சொன்னாள்.

காரியங்களெல்லாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் கூப்பிட்டார். மறுபடி மனுப் போட்டிருந்தார், அதற்கு நாள் வரலாம் என்றார். காக்காவிடம், நான் கொஞ்சம் தனியாகப் பேசவேண்டும் என்று கேட்டேன். அத்தனை வருடத்தில் அதைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவர் எழுந்து, கடையிலிருந்தவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே போனார். அந்த மரத்தடியில் நடந்ததை என் கணவரிடம் சொன்னேன். முகம் ஞாபகம் வரவில்லை என்றும் சொன்னேன்.

கோபித்துக்கொண்டு வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"எனக்கும் அப்படித்தான்" என்றார். "நம்ம கல்யாண போட்டோவுல இருக்கிற முகம்தான் வருது. இப்ப நீ எப்படி இருப்பேன்னு தெரியல. இருந்தாலும் வா."

2010இல் போனேன். இந்த முறையும் நேர்முகத்துக்கு முன் அதே மரத்தடியில் நின்றேன். ஆனால் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் சாலையைத் தாண்டிவிட்டேன். அமெரிக்க விமானநிலையத்தில் நரைத்த தலையோடு ஒருவர் என்னை நோக்கி வந்தார். இரண்டு பேரும் அன்னியர்களைப் போல ஒருவரையொருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர்தான் முதலில் பேசினார், பர்மியத்தில். சாப்பிட்டாயா என்று கேட்டார்.

நான்கு மாதம் கழித்து அந்த மருத்துவமனைப் பயிற்சிக்கு வாய்மொழிப் பரீட்சைக்குப் போனேன். ஆங்கிலத்தில் தேறினேன். ஸ்பானிஷில் தேறவில்லை. நான் கேசட்டில் கேட்ட வேகத்தில் அங்கே யாரும் பேசவில்லை. என் கணவரோடு துணி வெளுக்கும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே என்னோடு துணி மடித்த பெண்கள் எல்லோரும் ஸ்பானிஷ்தான் பேசினார்கள். ஒரு வருடம் மடித்துக்கொண்டே கேட்டேன், கேட்டுக்கொண்டே பேசினேன். இரண்டாவது முறை பரீட்சைக்குப் போனேன். தேறினேன். வகுப்பில் இடம் கொடுத்தார்கள். முதல் நாள் எனக்கு நாற்பத்தொரு வயது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.